காத்திருத்தல், சரிபார்த்தல், திறத்தல்

சுடலைமாடத்திக்கு எழுத்தென்றால் பயம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இருக்கும் பயம் அல்ல அது. தான் எழுதியதை நம்பி யாராவது ஏதாவது செய்துவிடுவார்களே என்ற பயம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றுக்கு வேலைக்குப் போய்வந்தாள். ஸ்டோரில் கிளார்க். ஃபிட்டர்கள் கேட்கிற பேரிங், பெல்ட், போல்ட்டை எடுத்துக் கொடுத்துச் சீட்டு எழுத வேண்டும். ஒரு சீட்டை மேலிருந்து கீழே ஒரு தடவையும், கீழிருந்து மேலே ஒரு தடவையும் வாசித்துவிட்டுத்தான் கிழித்துக் கொடுப்பாள்.

"மாடத்திகிட்ட சீட்டுக் கேட்டுட்டு, போயி ஒரு டீயும் குடிச்சிட்டு வந்துரலாம்" என்று ஃபிட்டர்கள் கேலி பேசுவார்கள். பதினோரு வருஷத்தில் அவள் எழுதிய சீட்டில் ஒரு பிசகு வந்ததில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில் அந்த ஆலைக்குப் பிரான்ஸிலிருந்து ஒரு பழைய கார்டிங் மிஷின் வந்து இறங்கியது. அந்த நாட்டில் ஏதோ ஓர் ஆலையை மூடியபோது ஏலத்தில் எடுத்தது. கார்டிங் என்பது பஞ்சைச் சிக்கெடுத்து வாருகிற மிஷின். உள்ளே மார்பளவு உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதன் மேல் ஒரு விரற்கடை இடம்கூட விடாமல் கம்பிப் பற்கள். பெட்டியைப் பிரித்தபோது மிஷினோடு ஒரு தடித்த புத்தகமும் வந்தது. அட்டையிலிருந்து அட்டை வரை பிரெஞ்சு.

மானேஜர் ஐயாதுரை மதுரையில் விசாரித்தார். அங்கே பிரெஞ்சு தெரிந்த ஒருவர் கிடைத்தார். அவருக்கு மிஷின் தெரியவில்லை. முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் மானேஜர் பிரெஞ்சுக்கு இங்கிலீஷில் அர்த்தம் சொல்லும் ஓர் அகராதியை வாங்கி வந்து ஸ்டோர் மேசையில் வைத்தார்.

"ஏம்மா, எழுத்து எல்லாம் இங்கிலீஷ் எழுத்துதான? பாத்துப் பாத்துத் தமிழ்ல எழுதிரு."

"சார், எனக்கு இதுல ஒரு வார்த்தைகூடத் தெரியாதே சார்."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? மிஷினைப் பத்தி உனக்குத் தெரியும்லா. ஆரம்பி."

முதல் பத்து நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புத்தகத்தின் முன்பகுதி மிஷினை வர்ணித்தது. ஒரு சொல்லை எடுத்து அகராதியைப் புரட்டுவாள், இருக்காது. அதைப் போலவே தொடங்கும் வேறு ஒன்று இருக்கும். அதுதானா இது, இல்லை அக்கம்பக்கத்துச் சொல்லா என்று தெரியாமல் பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊகித்து எழுதலாம். எழுதினால் சௌந்தரபாண்டியன் அதைப் படித்துவிட்டு ஸ்பானரை எடுப்பார். அவர் கார்டிங் மேஸ்திரி. காகிதத்தில் இருப்பதை அப்படியே செய்கிற மனுஷன். பென்சில் தானாகக் கீழே இறங்கிவிடும்.

நாற்பதாம் பக்கத்துக்கு வந்தபோதுதான் வழி தெரிந்தது. அங்கிருந்து வேலைமுறைகள். வரிக்கு வரி நம்பர் போட்டிருந்தது. ஒவ்வொரு வரியின் முதல் சொல்லும் மூன்று வால்களில் ஏதோ ஒன்றோடு முடிந்தது. ஈ ஆர், இல்லையென்றால் ஐ ஆர், இல்லையென்றால் ஆர் ஈ. அவற்றை அகராதியில் தேடினாள். எல்லாம் அப்படியே, எழுத்துப் பிசகாமல் இருந்தன. 'நெட்டோயர்' என்றால் சுத்தம் செய்தல். 'ஊவ்ரிர்' என்றால் திறத்தல். 'அட்டெண்ட்ரே' என்றால் காத்திருத்தல். அந்த ஊர்க்காரர்கள் அவற்றை எப்படி உச்சரிப்பார்களோ, இவள் கண்ணுக்குத் தெரிந்த எழுத்தை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் மகளின் தமிழ் அகராதியை எடுத்துப் புரட்டினாள். 'வந்தான்' என்று தேடினால் அதில் இல்லை. 'வருவோம்' இல்லை. 'வருதல்' இருந்தது. ஆளும் காலமும் ஒட்டாத வெறும் வினை. அவர்கள் பாஷையிலும் அகராதியில் வினை அப்படித்தான் நிற்கிறது. மிஷினுக்குப் புத்தகம் எழுதியவர்களும் யார் செய்வது, எப்போது செய்வது என்று சொல்லாமல் அந்த வெறும் வினையை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு தடவை சிலிர்த்து அடங்கியது. அந்தச் சந்தோஷம் விடிகிற வரைதான் இருந்தது.

ஏனென்றால் அந்த வினைக்கு முன்னால் வருகிற பொடிச் சொற்கள் அதன் தலையெழுத்தையே மாற்றின. 'சான்ஸ்' என்று ஒன்று முன்னால் வந்தால் 'நிறுத்துதல்' என்பது 'நிறுத்தாமல்' ஆகும். 'போர்' வந்தால் 'நிறுத்துவதற்காக'. 'அவாண்ட் டே' வந்தால் 'நிறுத்துவதற்கு முன்'. எல்லாவற்றையும்விட 'நே பாஸ்' என்ற ஜோடி. இரண்டும் சேர்ந்து முன்னால் நின்றால் அந்த வேலையைச் செய்யவே கூடாது. கண் அயர்ந்து அந்த இரண்டைத் தாண்டிவிட்டால், தொடக்கூடாத இடத்தைத் தொடச் சொல்லி இவள் கையால் எழுதியதாகிவிடும். சிவப்புப் பென்சிலால் அந்த ஜோடியை மட்டும் வட்டம் போட்டுக்கொண்டே புத்தகம் முழுவதும் மூன்று தடவை போய்வந்தாள். கனவில்கூட வட்டம் போட்டாள்.

தெரியாத இடத்தைக் காலியாக விட்டாள்.

"இங்க என்ன, பாதியில வரி நிக்கி?" என்றார் சௌந்தரபாண்டியன்.

"தெரியல அண்ணாச்சி. அதான் விட்டிருக்கேன்."

"உத்தேசமா ஏதாவது போடேன்."

"உத்தேசமாப் போட்டு உங்க விரலு போச்சுன்னா, அதுக்கும் நான்தான் சீட்டு எழுதணும்."

அவர் சிரித்துவிட்டார். தாள்களை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். "அது கெடக்கட்டும். நிறுத்துதல், காத்திருத்தல், சரிபார்த்தல், திறத்தல்... ஒரு மனுசன் பேரைக் காணோமே. கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரை விட்டாப்புல இருக்கு."

"புஸ்தகத்துல அப்படித்தான இருக்கு. நானாப் பேரு போட முடியுமா?"

அதுவும் சரிதான் என்று போய்விட்டார்.

எட்டு மாதம் மிஷினைப் பொருத்துவதும் ஓட்டிப் பார்ப்பதுமாகப் போனது. அந்த நாளெல்லாம் அதைத் திறந்து சுத்தம் செய்தவர் சௌந்தரபாண்டியன் ஒருவர்தான். ஆயுத பூஜையோடு மிஷினை வழக்கமான ஓட்டத்துக்கு விடுவது என்று முடிவானது. அப்புறம் ஆலையின் முறைப்படிதான் எல்லாம் நடக்கும். சுவிட்சைத் தொடுவது மிஷின் ஓட்டுகிறவர். இரும்பைத் தொடுவது ஃபிட்டர். அடியில் சேருகிற கழிவுப் பஞ்சை எடுப்பது பெண்கள். ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைப்பதில்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி வேலுத்தாய். மாடத்தியின் கூடப் பிறந்த தங்கச்சி, சேத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தது. மானேஜரிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததே மாடத்திதான்.

வேலைமுறையை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மிஷினுக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார் மானேஜர். கழிவு எடுக்கிற பகுதியில் மொத்தம் ஐந்தே வரி. மிஷினை நிறுத்துதல். உருளை முழுவதும் நிற்கும்வரை காத்திருத்தல். சரிபார்த்தல். கதவைத் திறத்தல். சுத்தம் செய்தல். மூன்றாவது வரி அவளை உறுத்தியது. புத்தகத்தில் அந்த இடத்தில் ஒற்றைச் சொல்தான். எதை வைத்துச் சரிபார்ப்பது என்று இல்லை. சுவிட்சை அணைத்தாலும் அந்தக் கனத்த உருளை பத்து, பன்னிரண்டு நிமிஷம் தன் வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். உருளை நிற்கும்வரை கதவைத் திறக்க விடாத ஒரு பூட்டு புத்தகத்துப் படத்தில் இருந்தது. வந்த மிஷினில் அது இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் வேலுத்தாயைப் பிடித்தாள்.

"ஏட்டி, சுவிட்சை அணைச்ச பொறவு உள்ள உருளை நின்னுருச்சான்னு எதை வச்சுப் பாப்பிய?"

"பொட்டுதான்."

"எந்தப் பொட்டு?"

"நல்லாக் கேட்ட, போ. புல்லியில இருக்குல்லா, அந்தப் பொட்டு. ஓடும்போது வளையமாத் தெரியும். நின்னா பொட்டாத் தெரியும். பொட்டைப் பாத்துட்டுத்தான் கைய விடுவோம். இது தெரியாமலா இம்புட்டு நாளு பத்து விரலோட இருக்கோம்?"

மாடத்திக்கும் அது தெரிந்த சங்கதிதான். ஆலையில் இருந்த பழைய மிஷின்கள் எல்லாவற்றிலும் உருளையைச் சுற்றுகிற பெரிய இரும்புச் சக்கரம், அந்தப் புல்லி, வெளியே தெரியும். ஆயுத பூஜைக்கு அதன் முகத்தில் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைப்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அதன் மேலேயே புதுசாக வைப்பார்கள். ஓடும்போது சிவப்பு வளையம். வேகம் குறையக் குறைய வளையம் அறுந்து, கடைசியில் ஒற்றைப் பொட்டாக நிற்கும். படிக்காத பெண்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லி வைத்த பழக்கம். அதைவிட நம்பிக்கையான ஒன்று அந்தக் கூடத்தில் இல்லை. மாடத்திக்கு மனசு நிம்மதியானது. அட்டையில் 'சரிபார்த்தல்' என்று எழுதி முடித்தாள்.

பூஜையன்று சௌந்தரபாண்டியன் தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொரு மிஷினாக வந்தார். பிரெஞ்சு மிஷினுக்கு வந்ததும் தட்டை மாடத்தியிடம் நீட்டினார்.

"இதுக்குப் பாஷை தெரிஞ்சவ நீதான். நீயே வையி தாயி."

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குக் கூச்சமும் பெருமையுமாக இருந்தது. அந்த மிஷினுக்கு நாலு பக்கமும் பச்சைத் தகடு. வெளியே சுற்றுகிற எதுவும் கண்ணில் படவில்லை. எங்கே வைப்பது என்று பார்த்துவிட்டு, கழிவுக் கதவின் நட்ட நடுவில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம் வைத்தாள்.

"லட்சணமா இருக்குக்கா" என்றாள் வேலுத்தாய்.

விடுமுறை முடிந்து ஆலை திறந்த அன்று மாடத்தி காலையில் இரண்டு மணி நேரம் பெர்மிஷன் போட்டிருந்தாள். மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மணி ஒன்பது இருபது. எல்லா பஸ்ஸும் பூஜைக் கோலத்தில் வாழைக்கன்றும் மாவிலையுமாக நின்றன. எதிரே வத்திராயிருப்பு பஸ் புறப்பட்டது. அதன் சக்கரத்து நடுவில் வைத்திருந்த பொட்டு ஒரு தடவை உருண்டது, இரண்டு தடவை உருண்டது, அப்புறம் சிவப்பு வளையமாகிவிட்டது. அதற்கு மேலே பஸ்ஸின் கதவிலும் ஒரு பொட்டு. பஸ் வேகமெடுத்து வளைவில் திரும்பி மறைகிறவரை கதவுப் பொட்டு ஆடாமல் அசையாமல் பொட்டாகவே இருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பஸ் போன பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவில் வைத்த பொட்டு எப்போதும் நின்றுகொண்டுதான் இருக்கும்.

பத்து மணிக்குக் கழிவு எடுக்கிற நேரம். வேலுத்தாய் குனிந்து பார்ப்பாள். பொட்டு தெரியும். கையை விடுவாள்.

"அண்ணே, பஸ்ஸை எடுக்கச் சொல்லுங்க" என்று கண்டக்டரிடம் கத்தினாள்.

"நேரமாகலியே தாயி. இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு."

"அவசரம்ண்ணே. ஒரு ஆளு கை போயிரும்."

"யாரு கை?" என்று கேட்டவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விசிலை எடுத்தார். ஆனாலும் டிரைவர் டீயைக் குடித்து முடித்துத்தான் ஏறினார். இறங்கி எங்காவது கடையில் போன் பேசலாமா என்று நினைத்தாள். ஆபீசில் போனை எடுக்கிறவர் 'என்ன பொட்டு? எந்தக் கதவு?' என்று விவரம் கேட்பார். விளங்கிக் கூடத்துக்கு ஆள் அனுப்புவதற்குள் பஸ்ஸே ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சேருமா? பஸ் ஊர்ந்தது. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. தென்காசிப் பாசஞ்சர் பெட்டி பெட்டியாகப் போனது. அவள் பெட்டிகளை எண்ணினாள். எண்ணுவதை நிறுத்த முடியவில்லை. கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டிருந்ததைப் பக்கத்துச் சீட்டு அம்மா சொல்லித்தான் உணர்ந்தாள்.

"மேலுக்குச் சொகமில்லையாம்மா?"

"இல்ல, தங்கச்சி..." என்றாள்.

ஆலை வாசலில் இறங்கும்போது மணி பத்து. வாட்ச்மேன் கையெழுத்து நோட்டை நீட்டினார். அவள் நோட்டைத் தள்ளிவிட்டு ஓடினாள். செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. கார்டிங் கூடத்துக்குள் காது அடைக்கிற இரைச்சல். மற்ற மிஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. பிரெஞ்சு மிஷினில் ஓடும்போது எரிகிற விளக்கு மட்டும் அணைந்திருந்தது. அதை ஓட்டுகிறவர் தன் வேலை முடிந்ததென்று அடுத்த மிஷினுக்குப் போய்விட்டார். வேலுத்தாய் கழிவை இழுக்கிற இரும்புக் கொக்கியோடு கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"வேலூ!"

தன் குரல் தனக்கே கேட்கவில்லை. நூறு அடி தூரம். ஓடிப்போய்த் தங்கச்சியின் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அந்நேரம் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. கொக்கி முனை உள்ளே போயிருந்தது. பட்டென்று ஒரு சத்தம். வேலுத்தாயின் கையிலிருந்து கொக்கி காணாமல் போனது. மேல்தகட்டில் மோதி, இரண்டு பேரின் தலைக்கும் மேலே பறந்து, சுவரோரம் விழுந்தது. ஒன்றரை அடிக் கம்பி வளைந்து வட்டமாகக் கிடந்தது.

இருவரும் தரையில் கிடந்தார்கள். கதவு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே உருளை தெரிந்தது. சுற்றுவதாகவே தெரியவில்லை. பல்லெல்லாம் ஒன்றாய்க் கலந்து, தேய்த்துக் கழுவிய பாத்திரம் போல வழுவழுவென்று சாம்பல் நிறத்தில், அசையாமல் நிற்பது போலவே இருந்தது. கைநீட்டித் தடவிப் பார்க்கலாம் போல.

"பொட்டு நின்னுக்கிட்டுத்தானக்கா இருந்துச்சு?" என்றாள் வேலுத்தாய். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. "நல்லாப் பாத்துட்டுத்தான் திறந்தேன். இந்தா, இப்பமும் நிக்கிதே!"

சௌந்தரபாண்டியன் ஓடிவந்தார். யாரும் கதவைத் தொடவில்லை. எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பல் நிறத்தில் மெல்ல ஒரு கோடு தெரிந்தது. பிறகு பற்கள் தெரிந்தன. பிறகு ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரிந்து உருளை நின்றது. கூடத்துக் கடிகாரத்தில் ஏழு நிமிஷம் ஆகியிருந்தது.

மானேஜர் வந்து அட்டையைத் தட்டிக் காட்டினார். "இங்க எழுதியிருக்கா இல்லையா? காத்திருத்தல். கொட்டை எழுத்துல இருக்கு."

"அவளுக்கு வாசிக்கத் தெரியாது சார்."

"அதுக்கு நான் என்னம்மா பண்ண? நீ ஒழுங்காத்தான எழுதியிருக்க? உன் மேல தப்பில்ல."

"பொட்டு வச்சது நான் சார்."

"பொட்டா? அதுக்கும் இதுக்கும் என்ன?"

சௌந்தரபாண்டியன் கதவையும் மாடத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். பூஜைத் தட்டை நீட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மிஷினின் பின்பக்கம் போய், தகட்டில் உருளையின் அச்சு முனை இருக்கிற இடத்தைத் தட்டிக் கண்டுபிடித்தார். அன்று சாயங்காலத்துக்குள் அந்த இடத்தில் ஒரு சோற்றுத் தட்டு அகலத்துக்குத் தகட்டை வெட்டி, கெட்டிக் கண்ணாடி பதித்துவிட்டார். அச்சு முனையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தார். மாடத்தி கதவிலிருந்த குங்குமத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்தாள். துடைத்த துணியை எங்கே போடுவதென்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

அட்டையையும் மாற்றினாள். 'ஓட்டுகிறவர் மிஷினை நிறுத்த வேண்டும். வேலுத்தாய் பின்பக்கம் போய்க் கண்ணாடியைத் துடைத்து, வெள்ளைப் புள்ளி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.' இப்படி வரிக்கு வரி ஆள். வாசிக்கத் தெரியாத தங்கச்சிக்கு அதை மனப்பாடம் செய்வித்தாள். அவள் ஒப்பாரி ராகத்தில் அதைப் பாடிக்காட்டி மற்றப் பெண்களைச் சிரிக்க வைப்பாள்.

மாடத்திக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியில் பஞ்சுத் தூசி படிந்துவிடும். துடைக்காமல் பார்த்தால் புள்ளியும் தெரியாது, ஓட்டமும் தெரியாது. தினமும் பத்து மணிக்கு ஸ்டோரைப் பூட்டிவிட்டுக் கூடத்துக்குப் போவாள். கண்ணாடியைத் தானே துடைத்து, புள்ளி நின்ற பிறகும் நூறு எண்ணி, அதன் பிறகுதான் தலையசைப்பாள். முதலில் மானேஜர் சத்தம் போட்டார். பிறகு விட்டுவிட்டார்.

தொண்ணூறுகளில் பக்கத்து ஆலைகள் இரண்டுக்கு அதே நாட்டு மிஷின்கள் வந்தபோது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வந்தார்கள். இதற்குள் வால்கள் மாறிய சொற்களும் அவளுக்குப் பழகியிருந்தன. ஆனால் முதல் பக்கத்தைத் திறப்பதற்கு முன்னால், தன் ஆலைக்கு வார விடுமுறையான நாளில் அந்த ஆலைக்குப் போவாள். யார் நிறுத்துகிறார், யார் திறக்கிறார், யார் கை உள்ளே போகிறது, அவர்கள் எதைப் பார்த்து நம்புகிறார்கள் என்று ஒரு நாள் முழுக்க நின்று பார்ப்பாள். புத்தகத்தில் உள்ள அந்த வெறும் வினை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளின் முகம் தெரிந்த பிறகுதான் பென்சிலை எடுப்பாள்.

தொண்ணூற்றி நாலு ஆவணியில் அவளுக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டது. எழுந்திருக்க முடியவில்லை. ஆறு வருஷத்தில் பத்து மணிக்கு அவள் இல்லாத முதல் நாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் படுத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். பத்து ஆனது. பத்தே கால் ஆனது. புருஷனிடம் தண்ணீர் கேட்டு வாங்கி, குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். தெருவில் சைக்கிள் மணி அடிக்கும்போதெல்லாம் தகவல் சொல்ல ஆள் வந்துவிட்டதென்று எழுந்து உட்கார்ந்தாள். மத்தியானம் போனது.

நாலரை மணிக்கு வேலுத்தாய் வந்தாள். ஷிப்ட் முடிந்து நேரே பஸ் ஏறியிருக்கிறாள், தலையெல்லாம் பஞ்சு. வாசலிலேயே நின்று இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள்.

"எனக்குத் தெரியும், நீ இன்னைக்குக் கஞ்சி குடிச்சிருக்க மாட்டன்னு. இந்தா, எண்ணிக்கோ."

மாடத்தி சிரிப்பாள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். மாடத்தி சிரிக்கவில்லை. "கிட்ட வாட்டி" என்றாள். காய்ச்சலில் கொதிக்கும் விரலால் தங்கச்சியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணினாள். சுண்டுவிரலில் தொடங்கி ஒரு தடவை. கட்டைவிரலில் தொடங்கி இன்னொரு தடவை. வலதுகை நடுவிரல் நகத்தில் ஒரு கறுப்பைக் கண்டு நிறுத்தினாள்.

"இது என்ன?"

"அது அம்மியில நசுங்குனதுக்கா."

"எப்போ?"

"முந்தாநேத்து. எங்க வீட்டுல வந்து கேளு."

மாடத்தி அந்த விரலை விடாமல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "இன்னைக்குக் கண்ணாடியைத் துடைச்சியா?"

"துடைச்சேன்."

"பொறவு?"

வேலுத்தாய் பாயில் உட்கார்ந்தாள். அக்கா கையிலிருந்து தன் விரலை உருவிக்கொள்ளவில்லை. ராகம் போடாமல், அட்டையின் முதல் வரியிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.